கடல் பக்கத்து இரட்டைக் கண்ணாடி

“இந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி,” என்று சொல்லி மச்சாள் கடலை நோக்கிக் கையை நீட்டினார். நாங்கள் நின்றது ஒரு வெறும் அத்திவாரத்தின் மேல். சுவர்களைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. சமைக்கும் குசினி இருந்த இடத்தில் சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியிருந்தது. மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்குத் திரும்பி வந்து கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்போது கடல் பக்கத்தில் யன்னலே வைக்காமல் கல்லடுக்கி மூடினார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. மச்சாளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. “அதுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தா அது எப்ப வருமெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் பாத்துக்கொண்டே இருக்கோணும் மச்சான். ஆனா அதின்ர சத்தம் என்ர மகள்ர காதில விழக்கூடாது. ரெண்டும் நடக்கோணும். எப்பிடியெண்டு நீதான் சொல்லு.”

மச்சாள் என் தாய்மாமனின் மூத்த மகள், என்னைவிட நன்றாக மூத்தவர். ஆஸ்பத்திரியில் தொலைபேசி ஒபரேட்டராக வேலை பார்த்தார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே குரலில், ஒரே நிதானத்தில் பேசுவார். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் வேலையில் இருந்தார். கடல் வந்துவிட்டது என்று கத்தி அழைத்தவர்களை எல்லாம் ஒவ்வொரு வாட்டுக்கும் இணைத்துக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். தன் வீட்டு இலக்கத்துக்கு இடையிடையே எடுத்துப் பார்த்ததையும், அங்கே மணிகூட அடிக்காமல் போனதையும் பிறகு ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். கணவர் கிடைக்கவில்லை. சின்ன மகனை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். மூத்த மகளை மட்டும் தண்ணீர் றோட்டுக்கு மேலால் தூக்கிக்கொண்டுபோய் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் எறிந்திருந்தது. அந்தப் பிள்ளை கொப்பொன்றைப் பிடித்துக்கொண்டு தப்பியிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

நான் அந்தக் காலத்தில் கட்டாரில் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி பூட்டிக்கொண்டிருந்தேன். சில மாதங்களில் வேலையை விட்டு ஊருக்கு வந்து, மட்டக்களப்பு நகரில் அலுமினியக் கதவு, யன்னல் செய்யும் சிறிய பட்டறை ஒன்றைப் போட்டேன். கடலோரத்தில் வீடு கட்டக் கூடாது என்று அப்போது எல்லை போட்டிருந்தார்கள். வாவிக்கு அப்பால் அரசாங்கத் திட்டத்து வீடு தருகிறோம் என்றார்கள். மச்சாள் வேண்டாம் என்றார். எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். தாய் மகளுக்குக் கொடுப்பாள், அவள் தன் மகளுக்குக் கொடுப்பாள். “அம்மா எனக்குத் தந்த சீதன வளவு இது. நான் என்ர மகளுக்குக் குடுக்கோணும். கடல் எடுத்தது காணும். மிச்சத்த வேற ஒருத்தரும் எடுக்க ஏலா,” என்று வந்த உத்தியோகத்தரிடம் முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு வருடத்துக்குப் பிறகு எல்லையைத் தளர்த்தினார்கள். தளர்த்திய கிழமையே அத்திவாரத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு மகளோடு குடிவந்துவிட்டார்.

மகளால்தான் அங்கே இருக்க முடியவில்லை. அலை வருவதற்கு முன் ஹெலிகொப்டர் தாழப் பறப்பது போல ஒரு சத்தம் கேட்டதாம். அன்றிலிருந்து சாதாரண அலைச் சத்தமும் அவளுக்கு அந்தச் சத்தமாகவே கேட்டது. தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு விடியும்வரை குந்தியிருப்பாள், பிறகு பள்ளிக்கூடத்தில் மேசையில் கவிழ்ந்து தூங்குவாள். வெல்லாவெளியிலிருந்து மச்சாளின் தகப்பன், என் மாமா, வந்து, “புள்ளைய எங்கிட்ட விடு. அங்க வயல் வட்டைக் காத்துத்தான் கேக்கும், கடல் கேக்காது,” என்று மன்றாடினார். மனைவி இறந்த பிறகு மாமா தன் பரம்பரை வயலோடு அங்கேயே தங்கிவிட்டிருந்தார். “புள்ளைய அங்க விட்டா மறுகா அவள் இஞ்ச வரமாட்டாள் அப்பா,” என்றார் மச்சாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அத்திவாரத்தின் மேல் நின்று என்னிடம் கேட்டபோது நான் கட்டாரில் கண்டதைச் சொன்னேன். பெருந்தெருவை ஒட்டிய வீடுகளில் இரட்டைக் கண்ணாடி போடுவோம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, சுற்றிவர அடைத்து, உள்ளே ஈரம் இல்லாமல் வைப்பார்கள். சட்டத்தில் றப்பர் பதித்து இறுக்கி மூடினால், லொறிகள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாது. மச்சாள் இமைக்காமல் என்னையே பார்த்தார். “முதலே ஏன் இதச் சொல்லயில்ல?” என்றார். மட்டக்களப்பில் யாரும் அதைப் போட்டதில்லை, கொழும்பில்தான் செய்விக்க வேண்டும், சண்டை தொடங்கிவிட்டது, பாதையும் சரியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். “பாதை சரியில்லாட்டி நானும் லொறியில வாறன்,” என்றார். வந்தார்.

கொழும்பிலிருந்து திரும்பும் வழியில் ஒரு சோதனைச்சாவடியில் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள். மரச்சட்டத்துக்குள் நிறுத்திவைத்திருந்த கண்ணாடிகளை ஒரு சிப்பாய் தட்டித் தட்டிப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவே விளிம்பில் ஓடும் அலுமினியப் பட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் இருக்கும். அந்தப் பட்டி அவன் கண்ணில் பட்டுவிட்டது. உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டான். காற்று என்றேன். காற்றை ஏன் அடைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றான். எல்லாவற்றையும் உடைத்துப் பார்க்க வேண்டும் என்று அவன் மற்றவர்களைக் கூப்பிட்டபோது மச்சாள் லொறியின் முன்னிருக்கையிலிருந்து இறங்கினார். ஆஸ்பத்திரித் தொலைபேசியில் பேசும் அதே குரலில், அதே நிதானத்தில் சிங்களத்தில் பேசினார். தனக்கு ஒரு மகள் இருப்பதையும், கடல் சத்தத்தில் அவள் தூங்குவதில்லை என்பதையும், இவை அவளுக்காகத்தான் என்பதையும் சொன்னார். “எல்லாத்தையும் உடைக்கத் தேவையில்லை. ஒன்றை உடையுங்கள். எதை என்று நானே காட்டுகிறேன்,” என்று சொல்லி, இருந்ததிலேயே சிறியதை, றோட்டுப் பக்கத்துக் குசினி யன்னலுக்கு என்று செய்ததை, விரலால் சுட்டினார்.

அவன் உடைத்தான். மணிகளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தான், நசுக்கினான், பக்கத்தில் நின்றவனிடம் காட்டினான். ஒன்றும் இல்லை, போகலாம் என்றார்கள். நான் லொறியில் ஏறிவிட்டேன். மச்சாள் ஏறவில்லை. றோட்டில் சிதறிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளைக் காட்டி, வெறுங்காலோடு ஆட்கள் நடக்கிற பாதை இது, கூட்டி அள்ளுங்கள் என்றார். பிறகு அந்தச் சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் விளக்குமாறு எடுத்து வந்தான். கடைசித் துண்டையும் அவன் அள்ளி முடிக்கும்வரை மச்சாள் வெயிலில் நின்றார். பிறகு “ஸ்துதி” என்று நன்றி சொல்லிவிட்டு ஏறினார்.

கடல் பக்கத்துக் கண்ணாடிக் கதவைப் பொருத்தி முடித்த அன்று மகளை நடு அறையில் நிற்கவைத்தோம். கதவு திறந்திருந்தது. அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள். நான் கதவைச் சாத்திக் கைப்பிடியை மேலே திருப்பினேன். றப்பர் அழுந்தியது. “இப்ப கைய எடுத்துப் பார் மகள்,” என்றார் மச்சாள். அவள் ஒரு கையை எடுத்தாள், பிறகு மற்றதையும் எடுத்தாள். வெளியே அலை எழும்பி வெள்ளையாக உடைந்தது. அவள் கண்ணாடிக்குக் கிட்டப் போய், மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று அதையே பார்த்தாள். கடலை அவள் நேருக்கு நேர் பார்த்து எவ்வளவோ காலம். “வாய மட்டும் அசைக்குது அம்மா,” என்றாள். மச்சாள் சிரித்தார். சுனாமிக்குப் பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

ஊர் வேறு மாதிரிச் சிரித்தது. ஷெல் விழுகிற நாட்டில் கண்ணாடி வீடு கட்டுகிறாள் என்றார்கள். கடல் காற்றைக் காசு கொடுத்து அடைக்கிறாள் என்றார்கள். மச்சாளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஷெல்லைக் கண்ணாடி தடுக்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் வெளியே தள்ளித் திறக்கும் கதவாகச் செய்யச் சொன்னார், ஓட வேண்டி வந்தால் ஒரே தள்ளில் திறக்க வேண்டும் என்றார். காற்றுக்கு வாவிப் பக்கத்து யன்னல்கள் இருந்தன. அந்தக் கண்ணாடி செய்த நன்மையை நான் கண்ணால் கண்டேன். காலை வெயில் நேரே அடித்தும் அறை கொதிக்கவில்லை. அயல் வீடுகளில் உப்புக் காற்று தையல் மெசினையும் மின்விசிறியையும் தின்றுகொண்டிருந்தபோது மச்சாள் வீட்டு வானொலிகூடத் துருப்பிடிக்கவில்லை. இன்று அதே கடற்கரையில் ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. இரட்டைக் கண்ணாடி போடாத ஹோட்டல் அங்கே குறைவு. அப்போது சிரித்தவர்களின் பிள்ளைகளே என் பட்டறைக்கு வந்து விலை கேட்கிறார்கள். நான் அளவு எடுத்துக்கொடுக்கிறேன், ஒன்றும் சொல்லிக்காட்டுவதில்லை. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷப்படாமல் இருக்கிறேன் என்று சொன்னால் பொய்.

வீடு கட்டியதற்கு அடுத்த வருடத் தொடக்கத்தில், வெல்லாவெளி இருக்கும் படுவான்கரைக்கு இராணுவம் ஷெல் அடித்தது. வாவியின் அந்தக் கரையில் இருந்த சனம் எல்லாம் இந்தக் கரைக்கு ஓடி வந்தது. வெல்லாவெளி மாமாவும் ஒரு உடுப்புப் பையோடு வந்து மச்சாளின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு அடிக்கும் கண்ணாடி மெல்ல நடுங்கும். கையை வைத்தால் உணரலாம். சத்தம் மட்டும் எங்கோ தொலைவில் கதவு சாத்துவது போலத்தான் கேட்கும். “புள்ளைய அங்க கொண்டு போகப் பாத்தனே,” என்று மாமா ஒரு தடவை சொன்னார். மச்சாள் அதைக் கேட்காதது போல அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

மச்சாளின் ஒரே தங்கை வன்னியில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்தார். சண்டையின் கடைசி மாதங்களில் அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. போர் முடிந்தது என்று அறிவித்த அன்று நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். வீட்டுக்கு வீடு தேசியக் கொடி கட்ட வேண்டும் என்று மூன்று பேர் வந்தார்கள். யார் அனுப்பியது என்று அவர்களும் சொல்லவில்லை. மச்சாள் வாசலில் நின்று, “எங்கட வீட்டில சாவு விழுந்தா வெள்ளக் கொடி கட்டுவம். என்ர தங்கச்சி உசிரோட இரிக்காளா இல்லையா எண்டு எனக்குத் தெரியா. தெரிஞ்சாப் பிறகு எந்தக் கொடியெண்டு யோசிக்கிறன்,” என்றார். அவர்கள் கொடியைக் கதவடியில் வைத்துவிட்டுப் போனார்கள். மச்சாள் அதை எடுத்து மடித்து மதில் மேல் வைத்தார். பிறகு எல்லாக் கதவு யன்னல்களையும் சாத்திக் கைப்பிடிகளை மேலே திருப்பினார். தென்னைகளுக்கு மேலே வெடிப்புகை எழும்பியதைப் பார்த்தோம். ஒரு வெடியும் எங்களுக்குக் கேட்கவில்லை. அந்த அமைதிக்குள் இருந்துகொண்டு மச்சாள் தொலைபேசியை எடுத்தார். மற்ற ஆஸ்பத்திரிகளின் ஒபரேட்டர்களை முகம் தெரியாவிட்டாலும் குரலில் அவருக்குத் தெரியும். ஒவ்வொருவரிடமும் தங்கையின் பெயரைச் சொல்லி, காயப்பட்டவர்களுக்குள் பார்க்கச் சொன்னார். பல கிழமைகள் விடாமல் கேட்டார். கடைசியில் வவுனியாவிலிருந்து ஒரு குரல், ஆள் இருக்கிறா, உயிரோடு இருக்கிறா என்றது.

போரிலிருந்து வந்தவர்களை அடைத்துவைத்திருந்த முகாமிலிருந்து தங்கையை வெளியே விடுவதற்கு அடுத்த வருடம் ஆனது. அவர் வந்து சேர்ந்த பின்னேரம் நான் கதவு றப்பர் மாற்றுவதற்காக அங்கே இருந்தேன். அவர் தனியாக வந்தார். கணவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சோறு சாப்பிடவைத்து, நடு அறையில் பாய் விரித்து, சற்றுப் படு என்று சொல்லிவிட்டு மச்சாள் வழக்கம் போல வாவிப் பக்கத்துக் கதவு யன்னல்களையும் சாத்தினார். படுத்த தங்கை எழுந்து உட்கார்ந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஏன் அக்கா ஒண்டும் கேக்குதில்ல?” என்றார். பிறகு சுவரோடு ஒட்டித் தலையைக் குனிந்து குந்திக்கொண்டார். “பங்கருக்குள்ள இப்பிடித்தான் இரிக்கும். சத்தம் நிண்டா அடுத்தது எங்கட தலையிலதான்.”

மச்சாள் அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த அமைதி அது. அவர் கடல் பக்கத்துக் கதவடிக்குப் போனார். கூட்டித் துடைக்கும் நேரம் தவிர அதைத் திறப்பதில்லை, அதுவும் மகள் வீட்டில் இல்லாதபோதுதான். மகள் அப்போது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சாள் கைப்பிடியில் கையை வைத்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“உன்னால ஏலுமா மகள்?”

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், சுவரோடு குந்தியிருந்தவரையும் பார்த்தாள். “ஏலும் அம்மா. சின்னம்மா உறங்கட்டும்.”

மச்சாள் தோளால் தள்ளிக் கதவை அகலத் திறந்தார். கடல் முழுச் சத்தத்தோடும் உள்ளே வந்தது. மகளின் கைகள் காது வரை எழும்பின, அங்கேயே நின்றன, பிறகு இறங்கின. அவள் போய்ச் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினாள். கொஞ்ச நேரத்தில் அவர் பாயில் சரிந்தார். மூச்சு நிதானமானது.

மச்சாள் ஒரு கதிரையை இழுத்து, வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே அந்த வாசற்படியில் போட்டு உட்கார்ந்தார். நான் என் வேலைச் சாமான்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து இறங்கியபோது, அவர் தண்ணீரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். “போடு. எவ்வளவு வேணுமெண்டாலும் சத்தம் போடு. என்ர வீட்டில ஒருத்தி உறங்கிறாள்.”