தங்கச்சியின் நாக்கும் அம்மாவின் சும்மாடும்

என் தங்கச்சியின் வாய் எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். படிக்கும்போதும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் கீழுதடு தொங்கி, தோள் கூனி, தலை மட்டும் முன்னால் போய் நிற்கும். "வாய மூடுடி, ஈ பூந்துரப் போவுது" என்று நான் சொல்லாத நாளே இல்லை. மூடுவாள். அடுத்த வரி படிப்பதற்குள் மறுபடி திறந்துகொள்ளும். எங்கள் வீட்டில் யாரும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. அவளிடம் குறை என்று நாங்கள் நினைத்ததெல்லாம் அவள் உயரத்தைத்தான்.

அவளுக்குப் போலீஸ் ஆக வேண்டும். எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். சாராயம் தேடுவதற்குத்தான் போலீஸ் வரும் என்கிற ஊரில் பிறந்தவளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்ததோ தெரியாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சொல்லிவிட்டாள். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, அன்றிலிருந்து தங்கச்சி தலையில் சுமை ஏற்றுவதை நிறுத்திவிட்டாள்.

போலீஸ் வேலைக்கு உயரம் அளப்பார்கள். தலையில் சுமை ஏறினால் பிள்ளை வளராது என்பது அம்மாவின் நம்பிக்கை. நான் குள்ளமாக நின்றுபோனதற்குச் சின்ன வயதில் நான் தூக்கிய மரவள்ளி மூட்டைதான் காரணம் என்று தீர்ப்பே எழுதி வைத்திருந்தாள். அப்பாவும் குள்ளம்தானே என்று கேட்டால் அடி விழும். அதனால் விறகு, புளி, சாமை மூட்டை என்று தங்கச்சியின் பங்கையும் சேர்த்து அம்மாவே தூக்கினாள். ஊரில் பொம்பளைகள் கேலி பேசினார்கள். "எம் பொண்ணு வளந்து நிக்கட்டும், அப்பறம் பேசுங்க" என்பாள் அம்மா. மேட்டில் அம்மா இரட்டைச் சுமையோடு நிமிர்ந்து போவாள். பின்னால் வெறுந்தலையோடு இவள் வாய் பிளந்து கூன் போட்டு நடப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

பன்னிரண்டாவது முடித்ததும் தேர்வுக்குப் பயிற்சி எடுக்க என்னோடு தங்க வந்தாள். அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சி மாஸ்டர் முதல் வாரமே அளந்து பார்த்தார். மலைப் பிள்ளைகளுக்கு உயரத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. அந்தச் சலுகை உயரத்துக்கும் இவள் ஒரு நூல் கம்மி. அறைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட இன்னான்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். பிடரி வலியும் தலைவலியும் அவளுக்கு முன்பே உண்டு. அன்று அழுததில் அதுவும் கூடிவிட்டது. எண்ணெய் தேய்த்துவிட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எனக்குச் சோறு கொண்டு வந்தவளை எங்கள் டாக்டரம்மா பக்கவாட்டில் நிற்க வைத்துப் பார்த்தார்.

"மூக்கு அடைக்குமா?"

"எப்பவுமே அடைச்சிக்கினுதாங்க இருக்கும்."

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மூக்கில் காற்றுப் போகாதவர்கள் வாயால் மூச்சு விடுவார்கள். வாய் திறந்தால் நாக்கு கீழே படுத்துக்கொள்ளும். தொண்டையில் காற்றுக்கு வழி கிடைக்கத் தலை தன்னால் முன்னே போகும். முன்னே போன தலையைப் பிடித்து நிறுத்தப் பிடரிச் சதையும் தோளும் நாளெல்லாம் பாடுபடும். "இவ வலிக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். எலும்பு இனிமே வளராதும்மா. கூன் போட்டு ஒளிச்சு வச்சிருக்கிற உயரத்தை வேணா வெளியே எடுக்கலாம். நாக்கை மேலண்ணத்துல வச்சுப் பழகணும். ஆனா நாக்கு ஒண்ணே எல்லாத்தையும் பண்ணிடாது. முதல்ல மூக்கைக் காட்டுங்க, கழுத்துக்கும் பயிற்சி செய்யுங்க" என்றார்.

மூக்குக்கு மருந்து போட்டதும் நாக்குப் பாடம் தொடங்கியது. நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால், மீதி நாக்கு முழுதும் மேலண்ணத்தில், உதடு மூடி, பற்கள் உரசாமல், மூச்சு மூக்கில். சொல்வது சுலபம். இவளோ பாடப் புத்தகத்தைத் திறந்தால் வாயையும் திறந்தாள். அந்தச் சமயத்தில் ஊருக்குப் போனபோது சுமையோடு மேடேறிய அம்மாவிடம் கேட்டேன், "நடக்கும்போது உன் நாக்கு எங்கம்மா கீது?"

"வாய்க்குள்ளதான் கீது. வேற எங்க போவும்?" என்று முறைத்தாள். நாலடி தள்ளிப் போய், "மேல ஒட்டிக்கினு கீதுடி" என்றாள், அவளுக்கே ஆச்சரியமாக.

சுமைக்காரப் பெண்கள் மேட்டில் அதிகம் பேசுவதில்லை. வாய் திறந்தால் தலை அசையும், தலை அசைந்தால் மூட்டை அசையும். கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியதும் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கி, தங்கச்சி தலையில் சின்னக் கேழ்வரகுப் பை ஒன்றை ஏற்றினேன். "அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும்" என்றாள். ஆனாலும் நடந்தாள். வாய் தன்னால் மூடியது, கழுத்து நீண்டது. தினமும் அறைக்குள்ளேயே அப்படி நடந்தாள். மாதங்கள் போகப் போகப் பிடரி வலி குறைந்தது. தூங்கும்போதும் உதடு மூடியிருந்ததைப் பார்த்த அன்று எனக்கு நம்பிக்கை வந்தது.

தேர்வு மைதானத்துக்கு அம்மாவும் வந்தாள். வேலிக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அளவுக்கட்டை தங்கச்சி தலையில் இறங்கியது. அவள் கன்னத்தைப் பார்த்தே நாக்கு மேலே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அளந்தவர் தலையாட்டி அவளை ஓட்டப் பந்தய வரிசைக்கு அனுப்பினார். ஓட்டத்தைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை, மலையில் ஓடி வளர்ந்தவள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா? நா தூக்கனது வீண் போவல" என்றாள். கேழ்வரகுப் பையைத் தலையில் வைத்து நடந்த கதையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். இத்தனை வருஷம் இரட்டைச் சுமை தூக்கியவளிடம் அதை எப்படிச் சொல்வது?

போன மாதம் அம்மா மலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள், தலையில் மரவள்ளி மூட்டையோடு. தங்கச்சிக்கு இப்போது கள்ளக்குறிச்சியில்தான் வேலை. காக்கி உடுப்போடு ஓடிப்போய் மூட்டையை வாங்கித் தன் தலைக்குத் தூக்கினாள். அம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"கீழ வைடி! திரும்ப அளந்தாங்கன்னா இன்னா பண்ணுவ?"

ஷேர் ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். தங்கச்சி ஏதோ சொல்ல வந்தவள், என்னைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, தலையில வெக்கல" என்றாள். மூட்டையை நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அம்மா முன்னால் வெறுந்தலையோடு நடந்தாள். பழக்கத்தில் அவள் கை ஒன்று மட்டும் அடிக்கடி தலைக்குப் போய், அங்கே பிடிக்க ஒன்றும் இல்லாமல் கீழே வந்தது.