லென்ஸுக்கு வைத்த பொட்டு

திண்டுக்கல்லில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எனக்குப் பழைய பித்தளை என்றால் கொஞ்சம் கிறுக்கு. பழைய சாமான் கடையில் கிடைத்த, சட்டைப்பையில் அடங்கும் அந்தக் காலத்து நுண்ணோக்கி ஒன்றைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். விரல் நீளந்தான். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். உள்குழாயின் மேல்முனையில் கண் வைக்கிற லென்ஸ், கீழ்முனையில் மிளகு அளவில் இன்னொன்று. வெளிக்குழாயின் அடியில் வெளிச்சம் நுழைய ஒரு சன்னல் வெட்டி, உள்ளே சாய்வாக ஒரு முகக்கண்ணாடித் துண்டு. திருகாணி கிடையாது, விரலால் இழுத்துத் தள்ளித்தான் தெளிவுக்குக் கொண்டுவர வேண்டும். செய்தவன் மகா கெட்டிக்காரன். அதை யாரையும் தொட விடமாட்டேன், என் மனைவியையும் சேர்த்து.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். மனைவி பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்த்த தோல் மண்டி பாய், "அந்தப் பொடிச் சாமான எனக்கும் செத்த காட்டுங்களேன்" என்றார். ஜம்பமாக எடுத்தேன். மேல் லென்ஸின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்துபோய் இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வீட்டில் பொட்டு வைக்கிறவள் அவள்தானே. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? லென்ஸ்லயா பொட்டு வைப்ப?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். கத்திக்கொண்டே சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தேன். உரைத்த சந்தனத்தில் கல்பொடி இருக்கும். காய்ந்ததைத் துடைத்தால் கண்ணாடி கீறும். வாடிக்கையாளர்களுக்குத் தினமும் இந்தப் பாடத்தை நடத்துகிறவன் நான். கீறியது. அந்தப் பழியையும் அவள் தலையிலேயே போட்டேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் எனக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. நான்காம் நாள், பூஜைப் படம் ஒன்று தேவைப்பட்டு அவளுடைய போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு படத்தில், இடது கையால் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே வலது கை விரலால் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன் நான். விரல் நுண்ணோக்கியின் உச்சியில் இருக்கிறது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இத அன்னைக்கே காட்டியிருக்கலாம்ல?" என்றேன்.

"அம்புட்டுப் பேருக்கு முன்னாடி காட்டியிருந்தா, நீங்க மூஞ்சிய எங்கிட்டு வச்சிருப்பீங்க?" என்றாள், வெங்காயம் உரித்தபடியே.

மறுநாள் காலை கடையைத் திறப்பதற்கு முன் தோல் மண்டிக்குப் போனேன். பொட்டு வைத்தது நான்தான், துடைத்துக் கெடுத்ததும் நான்தான் என்று பாயிடம் சொன்னேன். அங்கிருந்து அடுத்த கடைக்குப் போய் அதையே மறுபடியும் சொன்னேன்.