ஆமென் சொன்ன தலை

உலகம் உண்டானது முதல் இன்றுவரை கடல் கடந்து ஊழியத்துக்குப் போனவர்களை எல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தினால், முதல் ஆளாக நிற்க வேண்டியவர் முக்குக்கடை சலூன்காரர்தான். அவர் சீப்பைக் கையில் எடுத்தால் வீசுகிற புயலும் நின்று வகிடு எடுத்துக்கொண்டு போகும். அவர் கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் சிங்கம் வரிசையில் வந்து உட்கார்ந்து பிடரியை நீட்டும். மற்றவர்கள் தேசம் தேசமாகப் போய் மனிதர்களின் உள்ளத்தைத் தொட்டார்கள். இவர் நேராகத் தலையிலேயே கை வைத்தார்.

இத்தனை பெரிய மனிதர் அந்தப் பயணத்தில் சேர்ந்தது இன்னொருவர் முழங்காலின் புண்ணியத்தில். சபையிலிருந்து எட்டுப் பேர் வெளிநாடு போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்துக்குப் பெயின்ட் அடித்து, பாட்டுப் பாடி, பத்தாம் நாள் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. எட்டாவது ஆளுக்கு முழங்கால் மடங்க மாட்டேன் என்றுவிட்டது. குழுவுக்குத் தலைவர் சபைச் செயலர். அவர் சலூன்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். தங்கை அண்ணனிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினாள். இடம் கிடைத்தது.

"மாப்ள, அங்க வந்து என் மானத்தை வாங்கிடாத," என்றார் செயலர்.

"எனக்கு எதுக்கு மச்சான் அது? லைட் ஹவுஸ் மட்டும் போதும்."

பயணத் தாளில் பத்தாம் நாளுக்கு நேராக ஒரு கலங்கரை விளக்கத்தின் படம் போட்டிருந்தது. இருநூற்று முப்பது படி. சலூன்காரர் அந்தப் படத்தை வெட்டிக் கடைக் கண்ணாடியின் மூலையில் செருகிவைத்தார். காரணத்தை மகளிடம் மட்டும் சொன்னார்.

"இருபது வருஷமா மனுஷனோட உச்சந்தலையவே பாத்துட்டு இருக்கேன். ஒரே ஒரு தடவை ஒரு ஊரோட உச்சந்தலையப் பாக்கணும்டி."

"பாத்துப்பா, பேன் இருக்கப் போகுது," என்றாள் மகள். அன்று சாயங்காலமே அவருடைய தொழில் பெட்டியில், பவுடர் பிரஷ்ஷுக்கு அடியில், ரப்பர் பல்லி ஒன்றை வைத்தாள். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. சும்மா.

வம்பு விமான நிலையத்திலேயே ஆரம்பித்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற அதிகாரியின் சட்டைக் காலரில் ஒரு முடி ஒட்டியிருந்தது. சலூன்காரரின் மூளை யோசிப்பதற்கு முன்னால் கை கண்ணாடிக்குக் கீழே நுழைந்து அதைத் தட்டிவிட்டது. தட்டியதோடு நின்றிருக்கலாம். எக்கி, பிடரியில் உஃப் என்று ஒரு ஊதும் ஊதினார். அரைமணி நேரம் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். செயலர் எட்டுப் பேருக்காகவும் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்தது, முதியோர் இல்லத்து வாசலில் எடுத்த குழுப் படம். கேமராக்காரர் தயாராகி நிற்கையில், பின்வரிசையில் இருந்த சலூன்காரர் முன்னால் நின்ற பெரியவரின் தலையில் இரண்டு விரல் வைத்து, பழக்கதோஷத்தில் கொஞ்சம் குனிய வைத்தார். ஏதோ வந்தவர்கள் ஊர் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் குனிந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். சபைப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய அந்தப் படத்தில் ஒரு முகம்கூட இல்லை. இருபத்திரண்டு உச்சந்தலைகள்.

"மாப்ள, இதுதான் கடைசி. இன்னொரு தடவை ஏதாவது ஆச்சு, பத்தாம் நாள் நீ மேல ஏற மாட்ட. கீழ பஸ்ல உட்கார்ந்து எங்க செருப்பையும் பையையும் பாத்துக்குவ."

"செருப்பு எதுக்கு மச்சான் கழட்டுறீங்க? லைட் ஹவுஸ்தானே?"

"பேச்சுக்குச் சொன்னேன்டா!"

அதன்பிறகு சலூன்காரர் கையைப் பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு நடமாடினார். பெயின்ட் அடிக்கும்போது மட்டும் வெளியே எடுத்தார். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில், கிருதா ஒதுக்குவது மாதிரி அவர் இழுத்த கோட்டை ஸ்கேல் வைத்தும் இழுக்க முடியாது. ஆனாலும் இல்லத்துத் தாத்தாக்கள் காதை மூடிய முடியோடு குறுக்கும் நெடுக்கும் போகும்போதெல்லாம் பாக்கெட்டுக்குள் விரல்கள் தானாக நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டிருந்தன.

குழுவில் வந்திருந்த நர்ஸ் இதைக் கவனித்துவிட்டார். ஒன்பதாம் நாள் செயலரிடம் போய், "அண்ணே, அவர் தொழிலை அவரைச் செய்ய விடுங்க. எத்தனை பேரு முடி வெட்டாம இருக்காங்க பாருங்க," என்றார். செயலர் முனகிக்கொண்டே சரி என்றார்.

வெளியே மழை. ஜெப அறையில் ஜன்னல் ஓரமாக நல்ல வெளிச்சம். அங்கே கை வைத்த, உயரமான மர நாற்காலி ஒன்று கிடந்தது. இதற்கென்றே செய்தது மாதிரி இருந்தது. சலூன்காரர் துணியை உதறினார். மத்தியானத்துக்குள் பன்னிரண்டு தலை முடிந்தது. பாஷை தெரியாதது ஒரு பொருட்டே இல்லை. வாய் ஓடினால்தான் அவருக்குக் கை ஓடும். அதனால் பன்னிரண்டு பேரிடமும் தமிழிலேயே பேசினார். அவர்களும் தலையாட்டினார்கள். ஆட்டாதீர்கள் என்று அதையும் தமிழிலேயே சொன்னார்.

பதின்மூன்றாவதாக ஒரு நெடிய பெரியவர் வந்தார். தோள்வரை வெள்ளை முடி. யாரையும் பார்க்கவில்லை, நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையைக் கோத்து, தலையைக் குனிந்தார்.

சலூன்காரருக்கு மனம் நிறைந்துவிட்டது. இருபது வருடத் தொழிலில் சொல்லாமலே தலையைக் குனிந்த முதல் ஆள்.

வந்தவர் அந்த முதியோர் இல்லத்தை நடத்துகிற போதகர். எட்டு நாளாக வெளியூரில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அது அவருடைய ஜெப நாற்காலி. மத்தியானம் அதில் உட்கார்ந்து ஜெபிப்பது அவர் வழக்கம். செயலர் அவரைப் படத்தில் பார்த்திருக்கிறார். சலூன்காரர் பார்த்ததில்லை.

"வாங்க பெரியவரே," என்று சொல்லித் துணியைப் போர்த்தி, உச்சந்தலையில் கை வைத்தார் சலூன்காரர்.

தூர தேசத்துச் சகோதரர் ஒருவர் தலையில் கை வைத்துத் தனக்காக ஜெபிக்கிறார் என்று போதகர் நினைத்துக்கொண்டார். போர்வை அவர்கள் சபையின் முறையாக இருக்கும். கண்ணைத் திறக்கவில்லை.

"முடி நல்ல அடர்த்தி. எங்க மாமியாருக்கும் இப்படித்தான். ஆனா வாய் அதைவிட அடர்த்தி."

"ஆமென்," என்றார் போதகர்.

"அட, நீங்களும் பட்டிருக்கீங்களா? கடையில வேற, முக்கால் தலை வெட்டும்போதுதான் கரண்ட் போகும்."

"ஆமென்."

இப்படி ஒரு காது வாய்த்தால் யார்தான் நிறுத்துவார்கள்? சலூன்காரர் கலங்கரை விளக்கத்தைப் பற்றிச் சொன்னார். மச்சான் செருப்பைப் பற்றிச் சொன்னார். குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஒரு பொண்ணு இருக்கு. பள்ளிக்கூடம் போன்னா போறதில்ல. வாயத் திறந்தா நக்கல்தான். நான் ஊருக்குக் கிளம்பினப்பகூட வாசலுக்கு வரல. இருந்தாலும் பாருங்க, அது இல்லாம ஒன்பது நாளா சோறு இறங்கல," என்றார்.

"ஆமென், ஆமென்," என்றார் போதகர். அவர் மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்தது.

இடது பக்கம் முடிந்தது. அதுவரை எல்லோருக்கும் துண்டாலேயே கழுத்தைத் தட்டிவிட்டவர், இந்தப் பெரியவருக்கென்று பவுடர் பிரஷ்ஷை எடுத்தபோது அதோடு சேர்ந்து வந்த ரப்பர் பல்லி போதகர் மடியில் பொத்தென்று விழுந்தது. சலூன்காரர் போட்ட கூச்சல் பெயின்ட் அடிக்கிற ஏணிவரை கேட்டது. போதகர் கண்ணைத் திறந்தார். மடியில் பல்லி. தரையில் பாதி முடி. வாசலில், வரவேற்க ஓடிவந்த செயலரும் மற்ற ஆறு பேரும்.

செயலர் போதகரின் பாதித் தலையைப் பார்த்தார். "மாப்ள… நீ பஸ்ல இரு."

போதகர் எழுந்து, ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். இடது பக்கம் ஒரு வாலிபன்; வலது பக்கம் பழைய ஆள். பிறகு நர்ஸிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நர்ஸ் திரும்பினார்.

"அண்ணே, அவ்வளவு நேரம் அவருக்காக என்ன ஜெபம் பண்ணீங்கன்னு கேக்கறாரு. எல்லாருக்கும் இவர்தான் ஜெபிப்பாராம். இவர் தலையில யாரும் கை வச்சு ரொம்ப வருஷமாச்சாம்."

சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பொய் சொல்லலாம். ஆனால் இருப்பது ஜெப அறை.

"சிஸ்டர், மாமியார், கரண்ட், லைட் ஹவுஸ், என் பொண்ணு. இவ்வளவுதான். உள்ளதைச் சொல்லிடுங்க."

நர்ஸ் சொல்லச் சொல்ல, போதகரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. வெட்டிய பாதியும் வெட்டாத பாதியும் சேர்ந்து சிரித்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்து, வலது பக்கத்தைக் காட்டினார். என்னவோ சொன்னார்.

"எல்லாத்துக்கும் ஆமென் சொல்லிட்டாராம்," என்றார் நர்ஸ். "சொன்னதை இனி வாபஸ் வாங்க முடியாதாம். லைட் ஹவுஸுக்கு அவரே கூட்டிட்டுப் போறாராம். மாமியார் விஷயத்துல மட்டும் உறுதி சொல்ல முடியாதாம்."

மறுநாள் செயலர் நாற்பதாவது படியில் மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சலூன்காரரும் புது முடிவெட்டோடு போதகரும் உச்சிவரை போனார்கள். சலூன்காரர் கீழே வெகுநேரம் பார்த்தார். கூரைகள் நெருக்கமாக, தெருக்கள் ஒழுங்காக வகிடு எடுத்த மாதிரி. நடுவில் புல் இல்லாத ஒரு மைதானம்.

"சின்ன வழுக்கை," என்றார்.

"ஆமென்," என்றார் போதகர்.

ஊருக்கு வந்தபின் ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில், இதை எழுதிய மகள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவளுக்கு முடி நுனி வெட்டிக்கொண்டே சலூன்காரர் இந்தத் தாள்களைப் படித்தார். சிங்கம் வருகிற இடத்தில் மீசையைத் தடவிக்கொண்டார்.

"எல்லாம் சரிதான். ஒண்ணை மட்டும் விட்டுட்ட."

"என்னத்தப்பா?"

சட்டைப் பையிலிருந்து கசங்கிய துண்டுத் தாள் ஒன்றை எடுத்தார். "பல்லி வால்ல சுத்தியிருந்தது. மேல போனா கம்பியப் பிடிச்சுக்கோப்பா, உனக்குத் தலை சுத்தும்னு எழுதியிருக்கு. பல்லியப் பத்தி எழுதத் தெரியுது, இதைப் பத்தி எழுதத் தெரியலையா?"

"அது பல்லி எழுதினது," என்றாள். சொல்லிவிட்டுத் தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள்.

சலூன்காரர் இரண்டு விரலால் அவள் மோவாயை நிமிர்த்தினார்.

"குனிஞ்சா தெரியாதுன்னு நினைச்சியா? எதிர்ல கண்ணாடி இருக்குடி."