பெருமுக்கல் பெண்ணின் கிருமி

யுத்தகாலத்தில் விழுப்புரத்தில் ஒரு சிறிய சுகாதாரப் பரிசோதனைக்கூடத்துக்கு நான் தலைமை அதிகாரியாக இருந்தேன். ரயிலடிக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம். இரண்டு உதவியாளர்கள், ஒரு பியூன், கிருமி வளர்க்க மண்ணெண்ணெய் விளக்கில் சூடேறும் ஒரு பெட்டி. எந்தக் கிணற்றை மூடுவது, எந்தத் திருவிழாவை நிறுத்துவது என்பதெல்லாம் என் கையெழுத்தில் முடியும். சுற்றுப்பட்டு ஊர்கள் என் கையெழுத்துக்குப் பயந்தன. நானோ அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒரு கண்ணாடிக் குழாய்க்குப் பயந்தேன்.

ஒரு கோடையில் பெருமுக்கல் பக்கம் வாந்திபேதி பரவியது. உதவியாளர்கள் வேறு ஊர்களில் இருந்ததால் நானே போனேன். கூலிக்காரக் குடும்பம் ஒன்றின் குடிசையில் பத்து வயதுப் பெண் கிடந்தாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன. பரிசோதனைக்கு வேண்டியதைச் சீசாவில் எடுத்துக்கொண்டேன். எடுத்து முடிக்கும்வரை அந்தக் கண்கள் என்மேலேயே இருந்தன. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டச் சொன்னேன். மாடு பூட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

சீசாவிலிருந்த கிருமி மட்டும் அபாரமாக வளர்ந்தது. புதிதாக வரும் ஊசிமருந்துகளைச் சோதிக்க அப்படி ஒரு கிருமி தேவைப்பட்டது. அதைக் காப்பாற்றி வைக்க நான்தான் உத்தரவிட்டேன். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். பழைய குழாயிலிருந்து துளி எடுத்துப் புதுக் குழாயில் இடவேண்டும். அது தொடர்ந்து உயிரோடு இருக்கும்.

மல்லாட்டைக் கடலை பிடுங்கி முடிந்த பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"ஐயா, எங்க பொண்ணுகிட்டேர்ந்து சீசாவுல எடுத்துக்கினு வந்தீங்களே, அது இன்னா ஆச்சுங்க?"

எரித்தாயிற்று என்று சொல்லியிருந்தால் போயிருப்பார். அந்த முகத்திடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே கூப்பிட்டேன். பியூன் முகத்தைச் சுளித்தான். ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஓடுதுங்களே!" என்றார். பிறகு, "இதுங்களா எம் பொண்ணைக் கொன்னுது?"

"ஆமாம்யா."

"அவ பூட்டா. இது மட்டும் உசுரோட கீதா?"

ஊசிமருந்து பற்றிச் சொன்னேன். நாலு பிள்ளைகளாவது இதனால் பிழைக்கும் என்றேன். அவர் நிமிரவே இல்லை. "நீ வேண்டாம்னு சொல்லு, இப்பவே கொன்னுடறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. பக்கத்து அறையில் கிருமிகளைக் கொல்லும் நீராவிப் பாத்திரம் சீறிக்கொண்டிருந்தது.

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அவ ஒடம்புல இருந்ததாச்சேங்க. இருக்கட்டும்."

அதற்குப் பிறகு விழுப்புரம் வரும்போதெல்லாம் வாசலில் வந்து நிற்பார். பார்க்கவேண்டும் என்று கேட்டதில்லை.

"நல்லா கீதுங்களா?"

"இருக்குய்யா."

அவ்வளவுதான், போய்விடுவார். முதலில் உதவியாளர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே அந்தக் குழாயை 'அந்தப் பொண்ணு' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். "சார், பொண்ணைப் புதுக் குழாய்க்கு மாத்தியாச்சுங்களா?" என்று ஒருவன் கேட்டபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த வேலையை நான் வேறு யார் கையிலும் விடவில்லை. குழாயைத் தூக்கிப் பிடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ படுத்துக்கொண்டு பார்ப்பதுபோல் இருக்கும். அனந்தபுரம் சந்தையில் சோதனைக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருப்பேன். பெட்டியின் விளக்கு எரிகிறதா என்ற நினைப்பு வந்துவிடும்.

யுத்தம் முடிந்த மறு கோடையில் ஒரு விடுமுறை நாளன்று விளக்குத் திரி தூக்கி எரிந்துவிட்டது. பெட்டி அடுப்பாகி, குழாய்கள் எல்லாம் வறண்டன. அந்தக் குழாயிலிருந்து சுரண்டிச் சுரண்டிப் புதுக் குழாய்களில் இட்டுப் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. ஊசிமருந்து சோதிக்கும் மதராஸ் ஆபீசுக்குத் தெரிவித்தேன். வேறு கிருமி கிடைத்துவிட்டது, கவலை வேண்டாம் என்றார்கள்.

அவர் வந்தார்.

"நல்லா கீதுங்களா?"

"போயிடுச்சுய்யா."

"எப்பங்க?"

"போன வாரம். சூடு தாங்கலை."

நாங்கள் சீசா கழுவும் கிணற்றடிக்குப் போனார். வாளியில் தண்ணீர் இறைத்து, கட்டிய வேட்டியோடு தலையில் ஊற்றிக்கொண்டார். பியூன் தடுக்கவில்லை. நீர் சொட்டச் சொட்ட ரயிலடிப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கிணற்றுக்குப் போய், கட்டிய துணியோடு ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். மனைவி துண்டோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, எங்கேர்ந்துங்க சேதி?"

"பெருமுக்கல்."

"அங்க நமக்கு யாருங்க?"

நான் இன்னொரு வாளி இறைத்தேன்.