சந்தனம் வைத்த ரைஃபிள்

துபாய்க்கு வெளியே, போட்டிகளில் சுடும் துப்பாக்கி செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை என் வேலை. ஊரில் சொன்னால், "பொம்பளைக்கு ஏம்மா இந்த வேலை?" என்பார்கள். தராசில் வைத்து எடை பார்ப்பதற்கு மீசை எதற்கு என்று திருப்பிக் கேட்பேன்.

அந்த வருடம் நான் ப்ரொபேஷனில் இருந்தேன். கணவர் கப்பலில். மகள் தூத்துக்குடியில் மாமியாரிடம். வேலை நிரந்தரமானால்தான் அவளுக்கு விசா எடுக்க முடியும். வீடியோ காலில் அவள் என்னைத் "துபாய் அம்மா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். இவளுக்கு வேறு எத்தனை அம்மா இருக்கிறார்களாம் என்று எரிச்சல் வரும். போனை வைத்ததும் அழுவேன்.

எல்லாம் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் வந்து நின்றது. ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. போட்டிகளில் சுடும் எமிராத்திப் பெண்மணி ஒருவர் கேட்டிருந்தார். தோளில் ஆபரேஷன் ஆனவர். மொத்த எடை இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. அவருக்குப் பிடித்தால் ஆர்டர் தொடரும், உன் வேலையும் தொடரும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மாதக்கணக்கில் கிராம் கிராமாகக் குறைத்தோம். குழலை மூடும் அலுமினிய உறையை ஜன்னல் ஜன்னலாக வெட்டினோம். ஃபிட்டர் அண்ணன் விருதுநகர்க்காரர். "இன்னும் கொறைச்சா ஊதுனாலே பறந்துரும்" என்பார். ஒருவழியாக எடை வந்தது. உறை கறுப்புப் பூச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரிகடலை தின்றோம்.

பூச்சு முடிந்து வந்த உறையை விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். கறுப்பின் நடுவே விரல்நுனி அளவுக்கு ஒரு வெளிறிய வட்டம்.

"அண்ணே, இதுல சந்தனம் வச்சீங்களா?"

"தொடச்சிட்டுத்தானே அனுப்புனேன். ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் வைக்கிறோம். நெசமான ஆயுதம் இது, இதுக்கு வைக்காம விட்டா எப்புடி, தங்கச்சி?"

கழுவி வைத்த அலுமினியத்தில் விரல் பட்டாலே பூச்சு சரியாகப் பிடிக்காது. இவர் பொட்டே வைத்திருக்கிறார்! புதிதாகச் செய்ய நேரமில்லை. அந்தப் பெண்மணி மறுநாள் காலை வருகிறார். மார்க்கரால் மறைத்துவிடலாம் என்று அண்ணன் நீட்டினார். வாங்கி மூடியையும் திறந்துவிட்டேன். இப்படி மறைத்துத்தான் மகளைக் கூட்டி வர வேண்டுமா என்று என் மேலேயே கோபம் வந்தது. மார்க்கரை அவர் பாக்கெட்டிலேயே செருகினேன்.

காலையில் அந்தப் பெண்மணி வந்ததும், கேட்கும் முன்பே வட்டத்தைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த, அவருக்கும் புரிகிற இந்தியில், வலுவில் குறையில்லை, பார்வைக்குத்தான் குறை, வேண்டாமென்றால் வேறு செய்து தருகிறோம் என்றேன். இது எப்படி வந்தது என்றார். கருவிகளுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடும் பண்டிகையைச் சொன்னேன். பின்னால் அண்ணனுக்கு ஏசியிலும் வியர்த்துக்கொண்டிருந்தது.

அவர் ரைஃபிளை ஆபரேஷன் ஆன தோளிலேயே வைத்தார். எங்கள் சுடுகளத்தில் இலக்கைப் பார்த்து வரிசையாகச் சுட்டார். இறக்கியபோது முகம் மலர்ந்திருந்தது.

"வலிக்கவே இல்லை" என்றார். "புதிதாக எது வாங்கினாலும் எங்கள் வீட்டில் பகூர் என்ற வாசனைப் புகை காட்டுவோம். இந்தப் பொட்டு இருக்கட்டும், மாஃபி முஷ்கில், பிரச்சினையே இல்லை. அடுத்த துப்பாக்கிக்கும் வைப்பீர்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"வைப்போம். பூச்சு முடிந்த பிறகு" என்றேன்.

மகள் வந்த அன்று ஏர்போர்ட்டில் ஓடிப்போய்த் தூக்கினேன். நன்றாகக் கனத்தாள். கிராம் கிராமாகக் குறைத்தே பழகிய எனக்கு அவளை இறக்கிவிட மனமே வரவில்லை. டாக்ஸி வரிசை வரை தூக்கிக்கொண்டே நடந்தேன்.

"கை வலிக்குதாம்மா?" என்றாள். துபாய் அம்மா இல்லை, வெறும் அம்மா.