அரக்கு வரட்டும் என்று வெட்டாமல் விட்ட செடி

காலை ஐந்து நாற்பதுக்கு விளக்கைப் போட்டபோது முதலில் கண்ணில் பட்டது, மீன் தொட்டியின் அடியில் விரித்திருந்த பழைய நாளிதழ். அதன் வலது ஓரம் இரண்டு பத்தி அகலத்துக்கு நனைந்து கறுத்திருந்தது. தாளைத் தூக்கினேன். தரையில் தேங்கிய நீர் சுவரோர வெடிப்பு வழியே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

கீழே தறி இருக்கிறது.

பத்திரிகை வேலையை விட்டபின் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். மரக்கட்டையும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய மச்சு. என் மூன்றடித் தொட்டிக்கு நேர் கீழே வீட்டுக்காரரின் தறி. அப்போது அதில் ஒரு கல்யாணப் புடவை ஏறியிருந்தது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. திருப்புட்குழியிலிருந்து பெண் வீட்டார் வந்து நாள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அது கெட்டால் தறியில் நீளவாட்டு நூலாக இன்னொரு பாவு ஏற்றி நெய்து முடிக்க நாள் இல்லை.

தொட்டியின் பின்வரிசையில் வளர்வது ரோட்டாலா என்ற நீர்ச்செடி. மெல்லிய தண்டு, சிறிய இலை. இடுக்கியால் ஒவ்வொரு தண்டாக மண்ணில் செருக வேண்டும். நெருக்கி நட்டால் அடித்தண்டுக்கு வெளிச்சம் போகாமல் அழுகும். நட்ட முதல் வாரம் இலை உதிர்க்கும். பயந்து பிடுங்கக் கூடாது. பிறகு மளமளவென்று ஏறும். நீர்மட்டத்தைத் தொட்டதும் பாதியில் வெட்டி, நுனியைத் திரும்ப நட வேண்டும். வெளிச்சமும் இரும்புச் சத்தும் சரியாகக் கிடைத்தால் நுனி சிவக்கும். எங்கள் போர் தண்ணீரில் எனக்கு அது எட்டு மாதம் நடக்கவில்லை.

சிவப்பை முதலில் கண்டுபிடித்தவர் வீட்டுக்காரர்தான். மொட்டைமாடிக்குப் போகிற வழியில் என் அறைக்குள் எட்டிப் பார்த்தவர் நின்றுவிட்டார்.

“இன்னா சார் இது, வெங்காயத் தோல் கலர் புடிச்சுக்கினு இருக்குது? வுட்டா அரக்கு வரும்போல.”

“நாளைக்கு வெட்டணும்ணா. தண்ணி மட்டத்துக்கு வந்துடுச்சு.”

“வெட்டாதீங்க. சாயம் ஏறிக்கினு இருக்கும்போது யாராவது நூலைச் சட்டியிலேர்ந்து எடுப்பாங்களா?”

படிக்கட்டின் அடியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “தறியில உக்காருங்கன்னா மேல போயி மீன் பாத்துக்கினு இருக்கீங்களா?”

“மீன் இல்லம்மா, செடி.”

“அது சரி. அதுக்கும் நீங்களே பாவு போடுங்க.”

அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்த்தார். கத்தரிக்கோல் தொட்டியின் பக்கத்திலேயே கிடந்தது. பத்து நாள் வெட்டவில்லை. நுனிகள் நீரின் மேல் படுத்துப் பரவின. நிழலில் மாட்டிய கீழ் இலைகள் பழுத்தன. அதையும் பார்த்தேன். மேலே சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்த நுனிகளே பின்விளிம்பில் தொங்கும் ஃபில்டரின் வாயை அடைத்துக்கொண்டன. தொட்டிக்குள் திரும்பி விழ வேண்டிய நீர் கண்ணாடியின் பின்பக்கமாக வழிந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். துண்டால் ஒற்றி வாளியில் பிழிந்தேன். வீட்டுக்காரர் தறியில் உட்காருவது ஆறரைக்கு. அதுவரை யாருக்கும் தெரியாது என்று ஒரு கணம் நினைத்தேன். ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கினேன்.

அவர் மனைவி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். “இன்னா சார் இந்நேரத்துல? மொகமே சரியில்லியே.”

“அக்கா, தறியைப் பாக்கணும். மேல தண்ணி ஒழுகிடுச்சு.”

வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். “ஏங்க, எழுந்துருங்க!”

கூரைச் சுண்ணாம்பில் ஒரு தட்டு அளவு ஈரம். நான்கு விநாடிக்கு ஒரு சொட்டு. நெய்யாத பாவு எதிர்ச்சுவர் வரை நீண்டிருந்தது. அதன் மேல் போர்த்திய பழைய வேட்டி ஓரிடத்தில் ஊறியிருந்தது. வீட்டுக்காரர் எழுந்து வந்து அந்தப் போர்வையை விலக்கினார். மஞ்சளும் அரக்குக் கரையும் சேரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, பட்டு ஈரமாக இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. அடுத்த சொட்டைக் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தார்.

“தண்ணில மருந்து எதுனா கலக்குவீங்களா சார்?”

“இரும்புச் சத்துண்ணா. செவப்பு வர்றதுக்கு.”

“சுண்ணாம்பு வேற எறங்கியிருக்குது” என்றார், கூரையைப் பார்த்து.

“அரக்கு வரட்டும், அரக்கு வரட்டும்னு மேல போயி நின்னீங்களே” என்றார் அவர் மனைவி. “வந்துடுச்சா?”

வீட்டுக்காரர் ஊறிய வேட்டியைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

மேலே பாலித்தீன் கட்டி, மின்விசிறியைப் பக்கத்தில் வைத்து நூலை உலர்த்தினோம். பிறகு அவர் கையால் முழம் போட்டார். நெய்துகொண்டிருந்த இடத்திலிருந்து ஈரம் பட்ட இடம் ஐந்து முழம்.

“நூலா இருக்கும்போது தெரியாது சார். குறுக்கால ஊடை நூல் விழுந்து துணியானாத்தான் கறை நிக்குதா இல்லியான்னு தெரியும். அந்த எடம் கைக்கு வர எட்டு நாளு ஆவும்.” தன் தோளைத் தொட்டுக் காட்டினார். “தோள்ல விழுற எடம்.”

அன்றே தண்டுகளை நாலு விரல் உயரம் விட்டு வெட்டினேன். தொட்டியை இறைத்து, கீழே தறி இல்லாத மூலைக்கு நகர்த்தினேன். நுனிகளைத் திரும்ப நடவில்லை. எட்டு நாளும் தறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த இடம் எத்தனை விரல் நகர்ந்திருக்கும் என்று யோசித்தேன். சத்தம் நின்றால் அதைவிட மோசமாக இருந்தது. மாலையில் கீழே போவேன். நான் கேட்கமாட்டேன், அவர் விரலால் காட்டுவார். நாலு முழம். மூன்றரை. நடுவில் ஒருநாள் ஜரிகை அறுந்து வேலை ஓடவில்லை. மேலே வெட்டிய ஒவ்வொரு தண்டிலும் இரண்டு துளிர் வந்தது. இரண்டும் பச்சை.

ஒன்பதாம் நாள் பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். “சார், வாங்க.”

நெய்த துணியில் ஓரிடத்தில் விரல் வைத்தார். ஜன்னல் பக்கமிருந்து பார்த்தேன். குனிந்தும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“மஞ்சள்ல மூணு இழை மங்கியிருக்குது.”

“வேற யாருக்காச்சும் தெரியுமாண்ணா?”

“தெரியாது. ஆனா நான் சொல்லிடுவேன்.”

சொன்ன நாளில் பெண்ணின் அம்மா வந்தார். வீட்டுக்காரர் புடவையை விரித்து, அந்த இடத்தைக் காட்டி, மாடியிலிருந்து தண்ணீர் சொட்டியதைச் சொன்னார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நான் படிக்கட்டில் நின்றிருந்தேன்.

“எங்கேப்பா இருக்குது?”

அவர் மறுபடியும் விரல் வைத்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலியே. நீ சொல்லாம இருந்தா நிம்மதியா போயிருப்பேன்.” இன்னும் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

ரோட்டாலாவை இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் வெட்டுகிறேன். அது பச்சையாக இருக்கிறது.