வேதக்கார வீட்டுப் பிள்ளை

தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்கள் கத்தோலிக்க வீட்டை வேதக்கார வீடு என்பார்கள். அந்த வீட்டின் தலைவரான என் அப்பாவோ கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். பூசைக்குப் போக மாட்டார், செபமாலையைத் தொட மாட்டார். மாரியம்மன் திருவிழாச் சாப்பாட்டுக்கு மட்டும் முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பார். ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை வீட்டில் கஞ்சிதான் காய்ச்ச வேண்டும். இயேசு பிறந்த நத்தாருக்கு லயம் முழுவதற்கும் பலகாரம் போக வேண்டும். சாமி உண்டா இல்லையா என்று கேட்டால், அது பூசை வைக்கிற சாமியாருடைய கவலை என்பார். எங்களுக்கு வேதம் மூக்கு மாதிரி. யாரும் அதைக் கும்பிடுவதில்லை, கழற்றி வைக்கவும் முடியாது.

லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்து மயானத்தில் வேதக்காரர்களுக்கென்று வேலி போட்ட ஒரு துண்டு நிலம் உண்டு. அம்மா அங்கேதான் கிடக்கிறாள். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளுக்கு அதற்குள் இடம் கிடையாது. அவற்றை வேலிக்கு வெளியே மானாப் புல்லுக்குள் புதைப்பார்கள். சிலுவை நட மாட்டார்கள். மேலே மாடு மேயும். யார் போட்ட சட்டமோ, இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் என் தங்கச்சிக்கு ஏழாம் மாதமே வலி கண்டது. அவள் புருஷன் கொழும்பில் கடையில் வேலைக்கு நின்றான். தோட்டத்து லொறி பழுதாகிக் கிடந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழியில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறிய கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, ஒரு கையில் அடங்கிவிடும். மருத்துவச்சி அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தங்கச்சிக்குத் தெரியாமல் என்னிடம் உதட்டைப் பிதுக்கினாள்.

வாசலில் நின்ற அப்பா உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் அதைக் குழந்தையின் தலையில் மூன்று முறை ஊற்றி, அம்மாவின் பெயரைச் சொல்லி அழைத்து, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உன்னைக் கழுவுகிறேன் என்றார். உயிர் போகும் அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அப்பா ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மத்தியானத்துக்குள் குழந்தை அடங்கிவிட்டது.

சாயங்காலம், கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் வந்தார். சாமியார் பண்டாரவளையில் இருந்தார், அதனால் தோட்டத்தில் உபதேசியார் வைத்ததுதான் சட்டம். தண்ணீர் ஊற்றியது அப்பா என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது.

“கோயிலுக்கே வராத ஆளு நீங்க. நம்பிக்கையோடதான் குடுத்தீங்களாண்ணே?”

உள்ளே பாயில் கிடந்த தங்கச்சி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், குழந்தைக்கு வேலிக்குள் இடம் கிடைத்துவிடும். சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லீங்க” என்றார் அப்பா. “எங்க ஆளுகளோட அது கெடக்கணும். அதுக்குத்தான் ஊத்துனேன்.”

அப்படியானால் சாமியாரைக் கேட்காமல் முடியாது, அதுவரை வேலிக்கு வெளியேதான் என்றார் உபதேசியார். அப்பா வாக்குவாதம் செய்யவில்லை. நீங்கள் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

விடிந்ததும், பதிலுக்குக் காத்திராமல் மண்வெட்டியோடு போய், வேலிக்கு உள்ளே, அம்மாவின் குழியை ஒட்டி அவரே வெட்டினார். உபதேசியார் குடையோடு தூரத்தில் நின்றார். தடுக்கவுமில்லை, செபம் சொல்லவுமில்லை. பரலோக மந்திரத்தை நான்தான் சொன்னேன். அப்பா வாய் திறக்காமல் மண்ணைத் தள்ளினார்.

நாங்கள் திரும்பி வந்தபோது தங்கச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா கையைக் கழுவும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

“அப்பா, புள்ள இப்ப எங்க இருக்கு?”

மோட்சத்தில் என்று சொல்வதுதான் வழக்கம். வேறு எந்த வேதக்காரத் தகப்பனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

“ஒங்கம்மாவுக்கு வலது கைப் பக்கம்” என்றார் அப்பா.

தங்கச்சி தலையை ஆட்டினாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.